இரண்டரை மில்லிமீட்டர்

ஒத்தக்கடையில், ஹைகோர்ட்டுக்குப் போகிற வழியில்
என் டைப்பிங் கடை.
பெஞ்சு ஒன்று, பிரிண்டர் ஒன்று,
2012-இல் தவணைக்கு எடுத்த லேப்டாப் ஒன்று.
தவணை முடிந்துவிட்டது. லேப்டாப் முடியவில்லை.

பட்டனை அழுத்தினால்
திரை வரப் பதினெட்டு நிமிடம்.
உள்ளே தட்டு சுற்றுகிற சத்தம்
பல்லி உச்சுக்கொட்டுவது மாதிரி கேட்கத் தொடங்கிய அன்று
பயந்துபோய் டவுன்ஹால் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
கடைப் பையன் சுகிர்தராஜ்
மூடியைத் திறக்காமலே சொன்னான்:
"அக்கா, இதுக்குச் செலவழிக்கிறது
செத்த மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி."
விசிட்டிங் கார்டின் பின்னால்
புதுசின் விலையை எழுதினான்,
முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு,
அடியில் ரெண்டு கோடு இழுத்து.
எஸ்எஸ்டி மட்டும் போதுமென்றேன்.
கார்டையும் வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி, ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
பழையதிலிருந்து புதியதற்கு நகல்.
ஐந்து மணி நேரம் என்றது.
தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி செத்து நாலு வருஷம்.
மறுபடி பூஜ்ஜியம்.
அடுத்தவர்களின் வரப்பு, வாடகை, ஜீவனாம்சம்,
பணி நீக்கம், அதன் இணைப்பு அ முதல் ஊ வரை
ஒரு முழ வயரில் வரிசையாக நடந்து போயின.

மறுநாள் ராத்திரி திருகாணிகளைக் கழற்றினேன்.
எந்தத் துளைக்கு எது என்று
வீணான வக்காலத்துத் தாளில் படம் போட்டு
அதது மேல் அதது.
கழற்றியது பதினொன்று. தாளில் பத்து.
விளக்குமாறு வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை.

மாட்டினேன். கறுப்புத் திரை.
வெள்ளையில் ஒரே வரி:
துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை.
இப்போதுதானே வைத்தேன் என்று
அதனிடமே சொன்னேன்.

பயாஸுக்குள் போனால் பெயர் இருக்கிறது.
சேமித்து வெளியே வந்தால் இல்லை.
லெகசியை மாற்றினேன், திருப்பினேன்,
பெயரே தெரியாத ஒன்றையும் மாற்றித் திருப்பினேன்.
புதியதை யுஎஸ்பியில் செருகினால்
எல்லாக் கோப்பும் பத்திரம்.
பழையதை உள்ளே வைத்தால்
உச்சுக்கொட்டிக்கொண்டே எழுந்திருக்கிறது.
ரெண்டு சாட்சியும் உண்மை சொல்கின்றன,
கேஸ் மட்டும் தோற்கிறது.

எதிரே இருட்டில் யானைமலை.
அதையும் யாரோ எழுப்பிப் பார்த்துவிட்டு
வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

கொசு கடித்தது. காலைச் சொறிய நாற்காலியைத் தள்ளி
லேப்டாப்பை மடியில் சாய்த்தேன்.
வந்தது.
மேசையில் வைத்தேன். போனது.
மடி. வந்தது.
மேசை. போனது.

கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்தேன்.
பழைய டிஸ்க் ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன்,
புதியது ஏழு.
அண்ணன் செருப்பை மாட்டிய பொடியன் மாதிரி
உள்ளே லொட லொட.
பின்கள் தொட்டும் தொடாமலும்.
ரெண்டு நாளாக நான் சண்டை போட்டது
இரண்டரை மில்லிமீட்டர் காற்றோடு.

சுகிர்தராஜின் கார்டை எட்டாக நறுக்கினேன்.
முப்பத்திரண்டாயிரம் ஒரு துண்டில்,
ஐந்நூறு இன்னொன்றில்.
அடுக்கி, செலோடேப் சுற்றி, இடுக்கில் செருகினேன்.
அசையவில்லை.

பதினான்கு நொடி.
நம்பாமல் அணைத்துப் போட்டேன்.
பதினான்கு.

காலையில் கொட்டாம்பட்டியிலிருந்து ஓர் அம்மா.
வக்கீல் அனுப்பிய சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.
வழக்கமாக இங்கேதான் பேச்சு தொடங்கும்.
அந்தப் பதினெட்டு நிமிடத்தில் கேட்டதில்
ஒரு வரியும் நான் அடித்ததில்லை,
மனுவில் அதற்கு இடம் கிடையாது.

"எம் மகன் அன்னிக்கு..." என்றார்.
திரை தயார்.
"பேர் சொல்லுங்கம்மா."
அடைக்கி. கணவர் சின்னாண்டி.
வயது, கதவு எண், சர்வே எண்.
மகனைப் பற்றி அதன்பிறகு எதுவும் இல்லை.

செருப்புக்கடியில் என்னமோ உறுத்துகிறதென்று
குனிந்து எடுத்து
உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.
"இது ஒங்களுதா?"

பதினோராவது.
வாங்கி மேசையில் வைத்தேன்,
கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.
"மகன் அன்னிக்கு?" என்றேன்.